மூன்று மாத அடைக்கலம்

“வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. நான் வீட்டின் உரிமையாளரைக் கேட்கிறார் என்று நினைத்து, “வீட்டுக்காரர் நீங்கதானே?” என்றேன். எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “உங்க வீட்டுக்காரரச் சொல்றேன்” என்றார்.

தமிழில் ‘வீட்டுக்காரர்’ என்றால் வீட்டின் உரிமையாளர், கணவரும் அவரே. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படித்தும் பாடம் நடத்தியும் வந்த எனக்கு அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றுதான் என்பது 2023ஆம் ஆண்டு கோடையில், சென்னையில் மூன்று மாதத்துக்கு ஒரு வீடு தேடியபோதுதான் உறைத்தது. இல்லாள், மனைவி, இல்லத்தரசி என்று வீட்டின் பெயராலேயே பெண்ணை அழைக்கும் மொழி நம்முடையது. இல்லில் இருப்பவள், மனைக்கு உரியவள். ஆனால் அந்த இல்லும் மனையும் இன்னொருவர் கூட வந்தால்தான் அவளுக்குத் திறக்கும்.

தஞ்சைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் உருவான பெண்கள் விடுதிகளைப் பற்றி எழுத நினைத்து, மூன்று மாத விடுப்பில் வந்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய்வர வசதியாக ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை இருந்தால் போதும். வீட்டுத் தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “மூணு மாசத்துக்கு யாரும் தர மாட்டாங்க மேடம். பதினொரு மாச அக்ரிமென்ட்தான். அதுவும் ஃபேமிலின்னாதான்.” ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தப் பதிவைத் தவிர்க்க வந்த கணக்குதான் இந்தப் பதினொரு மாதம். நான் மூன்று மாதக்காரி. குடும்பமும் இல்லை, மணமுறிவு ஆகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதினாறு வீடுகள் பார்த்தேன். கேள்விகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்தன. எத்தனை பேர்? வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள்? யாராவது வந்து போவார்களா? கடைசியாக, குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குக் குலதெய்வம் எது?” சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று நகரம் கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் சாமியைக் கேட்கிறது.

மாலையில் ஒரு தோழியின் வீட்டுக் கூடத்தில் படுத்தபடி, பகலில் பார்த்த வீடுகளைவிட, வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் ஒரு காதையையே அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, ஊர் விட்டு ஊர் வந்த ஒரு பெண்ணுக்குச் சில நாட்கள் தங்க இடம் தேடும் கதைதான். மதுரைக் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகளும் கண்ணகியும் கோவலனும் இருக்கிறார்கள். அது துறவிகள் இருக்கும் இடம். இல்லறத்தார் இருக்கலாகாது, பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போய்விடுங்கள் என்று கோவலனுக்குச் சொல்லப்படுகிறது. எங்கே போவது? அந்த நேரத்தில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் ஆயர்குல முதுமகள் மாதரி கவுந்தியைக் கண்டு வணங்குகிறாள். கவுந்தி கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கிறார். இவள் தந்தை யாரென்று தெரிந்தால் மதுரை வணிகர்களே விருந்தாக எதிர்கொண்டு அழைத்துப்போவார்கள், அந்தச் செல்வர் மனைக்குப் போகும் வரைக்கும் மட்டும் உன்னிடம் அடைக்கலம் என்கிறார். நகரின் பெரிய வீடு கிடைக்கும் வரை நகரின் ஓரத்தில் ஒரு தற்காலிக வீடு.

மாதரி கேள்வி கேட்கவில்லை. தன் சுற்றத்தாரின் குடியிருப்பில் நெருக்கிவைக்காமல், வேலியிட்ட, செம்மண் பூசிய தனி மனையில் இருத்தினாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விட்டாள். கோவலன் சமண நோன்பு காப்பவன், பகலிலேயே உண்ண வேண்டியவன் என்று அறிந்து, புதுக் கலங்களும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாம்பழமும் வாழைப்பழமும் சாலி அரிசியும் தரச் செய்தாள். சைவமா அசைவமா என்று என்னிடம் கேட்டவர்கள் தங்கள் உணவுக்கு நான் ஒத்துவருவேனா என்று பார்த்தார்கள். மாதரி குடிவந்தவர்களின் உணவுக்குத் தன் வீட்டை ஒத்துவரச் செய்தாள்.

இந்த இடத்தை மாணவிகளிடம் பல ஆண்டுகள் நெகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறேன். வீடு தேடிய நாட்களில்தான் கவுந்தியின் பரிந்துரையைச் சற்று நின்று படித்தேன். அவர் கண்ணகியை எப்படி அறிமுகம் செய்கிறார்? வெயிலில் நடந்து நா வறண்டபோதும் தன் துயரைப் பாராமல் கணவனுக்காக வருந்தியவள். இவளைப்போன்ற கற்புடைய தெய்வத்தை நான் கண்டதில்லை. இத்தகைய பெண்கள் இருக்கும் நாட்டில் மழை பொய்க்காது. ஒரு பெண் துறவி இன்னொரு பெண்ணுக்குத் தந்த நன்னடத்தைச் சான்றிதழ் இது. குடும்பம் துறந்த கவுந்திக்குக்கூட, கண்ணகிக்கு ஒரு கூரை கேட்க அவளுடைய கற்பைத்தான் முன்வைக்க வேண்டியிருந்தது. உடன் கணவனும் இருந்தான்.

அவன் கொலையுண்ட பிறகு அவளுக்கு மதுரையில் ஒரு வீடும் இல்லை. கீழை வாயிலில் கணவனோடு வந்தேன், மேலை வாயிலில் தனியளாகப் போகிறேன் என்றுதான் நகரைவிட்டு நீங்குகிறாள். காத்துக்கொடுக்க முடியாமல் போன அடைக்கலத்துக்காக மாதரி தீப்புகுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். இடம் கொடுத்த பெண்களும் உயிரோடு மிஞ்சவில்லை.

*

சான்றிதழ் கேட்காத இடங்கள் நம் வரலாற்றில் இருந்தனவா? தஞ்சைக்காரியான எனக்குச் சத்திரங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. ராமேசுவரம் போகும் பாதையில் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களில் பல பெண்களின் பெயரால் அமைந்தவை: நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். முக்தாம்பாள் இரண்டாம் சரபோஜியின் துணைவி, இளமையில் இறந்துபோனவர்.

1801இல் சரபோஜி தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்று விவரிக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் சோறு, சமைத்த சோறு ஏற்காதவர்களுக்கு அரிசியும் சாமான்களும், நோயாளிகளுக்கு மருத்துவம். அதில் என் கண் நிலைத்த இடம் ஒன்று. கர்ப்பிணிகள் பரிவோடு கவனிக்கப்படுகிறார்கள்; சத்திரத்திலேயே பிரசவமானால் செலவைச் சத்திரமே ஏற்கிறது; பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் அவர்கள் அங்கேயே தங்கலாம்.

மூன்று மாதம். எனக்கு வேண்டியிருந்ததும் அதே மூன்று மாதம்தான்.

சத்திரத்தைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆட்சி கும்பினியின் கைக்குப் போய்விட்ட பிறகு, சத்திரங்களின் நிலவருவாயைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அரசர் எழுதிய கடிதம் அது. தன் தருமத்தை அவர் நல்ல வெளிச்சத்தில்தான் காட்டியிருப்பார். கர்ப்பிணி என்ற நிலை பெண்ணுக்கு எந்தக் காலத்திலும் கொஞ்சம் சலுகை வாங்கித் தரக்கூடியதுதான். இருந்தாலும், வழியில் வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் இடம் கொடுப்பதை ஒரு நிர்வாகம் தன் பெருமையாக எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. அப்படி எழுதிக்கொள்ள இன்று எந்த நிர்வாகத்துக்கும் தோன்றவில்லை.

*

நான் தேடி வந்த வரலாறு 1912இல் எழும்பூரில் தொடங்குகிறது. சுப்பலட்சுமி 1886இல் பிறந்தவர். பதினொரு வயதில் மணம், விரைவிலேயே விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று அறியப்பட்டவர். மறு ஆண்டு, ஒருசில இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு எழும்பூரில் ஒரு வீட்டில் விடுதி தொடங்கினார். தானும் விதவையான அவருடைய சித்தி வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். விதவை எதிரே வந்தால் சகுனத்தடை என்று வீட்டுக்குள் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஊரில், விதவைகள் மட்டுமே குடியிருக்கும் வீடு என்பது தெருவுக்கே ஒரு செய்தியாக இருந்திருக்கும். சமையல்கட்டின் மூலையிலிருந்து அவர்களைக் கிளப்பி வகுப்பறைக்கு அனுப்ப, அவர்களுக்கு முதலில் தங்க ஒரு வீடு தேவைப்பட்டது.

1914இல் கடற்கரைச் சாலையில் பெண்களுக்கான கல்லூரி தொடங்கியது. அதுதான் பின்னர் ராணி மேரிக் கல்லூரி ஆனது. சுப்பலட்சுமியின் விடுதி அதே கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. 1842இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கக் கட்டப்பட்ட கட்டிடம் அது. 1917இல் அரசு அதை வாங்கியது. மொட்டையடித்த தலையும் வெள்ளைப் புடவையுமாக வந்த சிறுமிகள் அங்கே தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள், சம்பளம் வாங்கினார்கள்.

அந்தக் கட்டிடத்துக்கு இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் அங்கே தங்கினார். அவருடைய நூற்றாண்டான 1963இல் அந்தப் பெயர் வந்தது. ஒன்பது நாட்கள் தங்கியவர் பெயர் வாசலில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருந்த பெண்களின் பெயர் வாசலில் இல்லை. விவேகானந்தரை நான் குறைசொல்லவில்லை. ஓர் ஆண் தங்கிப்போனால் அந்த இடம் நினைவிடம் ஆகிறது; பெண்கள் வாழ்ந்துபோனால் கட்டிடம் காலியாகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

சுப்பலட்சுமியின் விடுதிக்கும் ஒரு கதவு இருந்தது. அது பிராமண விதவைகளுக்கான விடுதியாகத்தான் தொடங்கியது. அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் கதை 1930இல் இன்னொரு வீட்டு வாசலுக்கு வந்தது. தேவதாசி மரபில் பிறந்து, அந்த வாழ்க்கை வேண்டாமென்று வந்த சிறுமிகள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் முன்வரவில்லை. நடத்தை பற்றிய கேள்விகூட எழவில்லை. பிறப்பே போதுமான காரணமாக இருந்தது. முத்துலட்சுமியின் தாயும் அதே மரபில் பிறந்தவர். அவர் சிறுமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. கணவன் பெயராலோ ஊர்ப் பெயராலோ அறியப்படாமல் ஊர் ஊராகச் சென்ற ஒரு புலவரின் பெயர் அந்த வீட்டுக்கு.

அதற்கு ஓராண்டு முன்பு, 1929இல், சட்டமன்றத்தில் முத்துலட்சுமி முயன்று நிறைவேற்றிய இந்து அறநிலையச் சட்டத் திருத்தத்தையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். தேவதாசிகளின் மானிய நிலம் கோயில் பணியோடு கட்டப்பட்டிருந்தது. பணியை விட்டால் நிலம் போகும். அந்தக் கட்டை அவிழ்த்து, பணியை விட்டாலும் நிலம் அவர்களுக்கே இருக்க வழிசெய்தது அந்தத் திருத்தம். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. முதலில் காலூன்ற இடம், பிறகுதான் விடுதலை என்ற வரிசையை அவர் அறிந்திருந்தார்.

*

விடுதலைக்குப் பிறகு வந்த சட்டங்களையும் ஒரு மாலை எடுத்துவைத்துப் படித்தேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் தந்தையின் சொத்தில் பங்கு தந்தது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதன் 23ஆம் பிரிவை அதிகம் சொல்வதில்லை. குடும்பம் வாழும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பங்கு கேட்க முடியாது. அங்கே தங்கும் உரிமைகூட மகளுக்கு எப்போது? மணமாகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள், கணவனைப் பிரிந்தவள், விதவை என்றால் மட்டும். தந்தை வீட்டில் தங்கவும் மகள் தன் மணநிலையைச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்த 23ஆம் பிரிவு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனோடு வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. நல்ல சட்டம். தந்தை வீடு, கணவன் வீடு என்ற இரண்டு வீடுகளுக்கும் சட்டம் வந்துவிட்டது. மூன்றாவது வீடு, அதாவது பெண் தன் சம்பளத்தில் தானே போய்க் கேட்கும் வாடகை வீடு, இன்னும் வெளியில் நிற்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. யாருக்கு வீடு தர மறுக்கலாம் என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அரசமைப்பின் 15(2) கூறு கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம், சாலை என்று பாகுபாடு கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. வாடகை வீட்டின் பெயர் அதில் இல்லை.

நகரமும் தன் பங்குக்கு ஆண்களைத் தங்கவைக்கக் கற்றுக்கொண்டது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எத்தனையோ இளைஞர்கள் வேலை தேடினார்கள், கவிதை எழுதினார்கள், சினிமாவுக்குக் காத்திருந்தார்கள். மேன்ஷன் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட அளவுக்கு, பெண்கள் தங்கிய லேடீஸ் ஹாஸ்டல் பற்றி எழுதப்படவில்லை. மேன்ஷனில் சாவி கொடுத்தார்கள். லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நான் விசாரித்த ஒரு விடுதியில் உள்ளூர்ப் பாதுகாவலர் கையெழுத்து கேட்டார்கள். எனக்கு வயது நாற்பத்து நான்கு. சென்னையில் தெரிந்த ஆண் என் பழைய மாணவன் ஒருவன்தான். இருபத்தேழு வயது. “நான் கையெழுத்துப் போடட்டுமா மேடம்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இருவருக்கும் சிரிப்பு வந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

*

பதினேழாவது வீட்டில் நான் பொய் சொன்னேன்.

மயிலாப்பூர்ப் பக்கம், மாடியில் ஓர் அறையும் சமையலறையும். கீழே எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா தனியாக இருந்தார். “வீட்டுக்காரர்?” என்றார். “துபாய்ல இருக்கார்” என்றேன். சொல்லி முடித்ததும் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. ஆதார் அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். முகவரியில் எங்கள் ஊர்க் கோயிலின் தெற்கு வீதி இருந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் இளகியது. குலதெய்வத்தைக் கேட்கவில்லை.

ஏறக்குறைய அதே நாட்களில் என்னிடம் படித்த இன்னொரு மாணவி, சோழிங்கநல்லூரில் நல்ல வேலையில் இருப்பவள், வீடு தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆதாரில் ‘காலனித் தெரு’ என்று இருந்தது. அட்டையைப் பார்த்த பிறகு, “சொந்தக்காரங்க வர்றாங்களாம்” என்று மூன்று வீடுகளில் திருப்பி அனுப்பினார்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அவள் வீடு தேடியது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. என் பொய் செல்லுபடியானதற்கு அந்தத் தெற்கு வீதிதான் காரணம். அவள் எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் அட்டை காட்டிக்கொடுத்திருக்கும். தனியாக இருக்கும் பெண்களுக்கு வீடு கிடைப்பதில்லை என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக என்னால் முடியாமல் போனது இதனால்தான்.

மூன்று மாதம் முடிந்து சாவியைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அரிவாள்மனையில் கீரை அரிந்துகொண்டிருந்தார்.

“தெரியும்மா. துபாய்லேருந்து ஒரு நாளும் ஒரு ஃபோன் வரலையே.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிடுவே. அப்புறம் நான் உன்னைப் போகச் சொல்லணும். வீடு பையன் பேர்ல இருக்கு. அவங்கப்பா போனதும் கையெழுத்து வாங்கிண்டான். ஃபேமிலிக்குத்தான் விடணும்னு சொல்லியிருக்கான்.” கீரையைத் தண்ணீரில் போட்டார். “எனக்கும் மேல யாராவது நடமாடற சத்தம் வேண்டியிருந்தது.”

நான் வீட்டுக்காரம்மா என்று நினைத்திருந்தவரும் அந்த வீட்டில் அடைக்கலமாகத்தான் இருந்திருக்கிறார். என் பொய்க்குள் அவரும் மூன்று மாதம் குடியிருந்திருக்கிறார்.

சோழிங்கநல்லூர் மாணவி அதன் பிறகும் இரண்டு முறை வீடு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு முறையும் விசாரிக்க என் எண்ணைக் கொடுத்திருந்தாள். ஒருவர் என்னை அழைத்து, “உங்க ஸ்டூடண்டாமே, பொண்ணு எப்படிங்க?” என்றார். கவுந்தியின் இடத்தில் அன்று நான் நின்றேன். ஒழுக்கமான பெண், அடக்கமானவள், எங்கும் போக மாட்டாள் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு கிடைத்திருக்கும்.

“அஞ்சு வருஷமா வேலையில இருக்கா. ஒண்ணாந்தேதி வாடகை வந்துடும். வீட்டைச் சுத்தமா வச்சுக்குவா” என்றேன்.

“அதக் கேக்கலீங்க.”

“வாடகைக்கு விடறதுக்கு அது போதும் சார்.”

அந்த வீடு அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவே அவளை அழைத்து, நான் சொன்னதையும் அதனால் வீடு கைவிட்டுப் போனதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அடுத்தவங்க கேட்டாலும் இதையே சொல்லுங்க மேடம்” என்றாள்.